கடைசி ரீல் வராத படம்

அந்தப் படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். வடக்கத்திப் படம், தமிழில் பேச வைத்து அனுப்பியிருந்தார்கள். வாய் ஒரு நேரம் அசையும், பேச்சு வேறொரு நேரம் கேட்கும். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. படம் முழுக்கப் பனி, பனிக்கு நடுவே ஒரு கொலை. அந்தப் படத்தால் என் கல்யாணம் நின்றது. இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சினிமாவைப் பார்த்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டு, சினிமாவால் கல்யாணம் நின்றவள் நீ ஒருத்திதான் என்கிறாள். சிரிக்கட்டும். அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் சிரிக்க அவள் இருந்திருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

அறுபதுகளின் பின்பாதி. திருப்பூரின் வடக்கு ஓரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து மடித்து வைக்க வேண்டும். அதே கம்பெனியில் அப்பா துணி வெட்டுகிற கட்டிங் மேஸ்திரி. நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். ஆனால் கேலி மட்டும் தாங்க மாட்டார். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால், எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் கம்பெனித் துணி நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பிளீச்சிங் பட்டறைக்குப் போகும். மெஷினிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பாக இருக்கும். அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, அலசி, வெயிலில் காய வைத்து வெள்ளையாக்கித் தருவார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய சின்னப் பட்டறை அது. தம்பிதான் மாட்டு வண்டியில் துணி கொண்டு வருவார். உயரமாக இருப்பார், அதிகம் பேச மாட்டார். இரண்டு கையிலும் வெள்ளைப் பனியன் துணியில் அவரே தைத்த உறை போட்டிருப்பார். எங்கள் செக்கிங் டேபிள் பெண்கள் அதற்குக் கைப்பனியன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அவர் துணியை இறக்கி வைக்கும்போது நானே கேட்டுவிட்டேன். "ஏனுங்க, கைக்கு எதுக்குங்க பனியன்? குளுருதுங்களா?"

டேபிளில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை.

"கைக்கு இல்லீங்க, துணிக்குங்க" என்றார். "மருந்துத் தண்ணியில நின்னு நின்னு கையெல்லாம் வெடிப்பு. ரத்தம் கசியுமுங்க. வெளுத்த துணியில ஒரு சொட்டுப் பட்டாலும் உங்க டேபிள்ல வந்து நிக்குமில்லீங்களா?"

அந்தப் பதிலில் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்? கை வலிக்கிறது என்று சொல்லாமல், துணி கறையாகும் என்று சொன்ன ஆள். அதற்கப்புறம் நெருப்பெரிச்சல் துணி என் பக்கம் வந்தால் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் மடிப்பேன்.

அவருக்கும் என்னைப் பிடித்திருக்க வேண்டும். ஐப்பசியில் அவருடைய அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு குடும்பமும் தலைமுறையாகத் தறி போட்டவர்கள், முருகனைக் கும்பிடுகிறவர்கள், ஒருவருக்கொருவர் தூரத்து உறவும்கூட. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வெற்றிலை பாக்கு மாற்றி, தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மறுவாரம் துணி கொண்டு வந்தவர், கம்பெனியில் எல்லோருக்கும் நடுவே அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டார். அதுவரை "மேஸ்திரிங்க" என்றுதான் கூப்பிடுவார். அப்பா கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் எங்கள் பக்கத்து டெண்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்து தொலைத்தது.

கொட்டகை முதலாளிக்கு இரண்டு கொட்டகை. எங்கள் பக்கம் ஒன்று, குன்னத்தூர் ரோட்டில் தள்ளி ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் எடுப்பார். அங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டு வருவார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பெட்டி வரும். படம் காட்டும் மிஷின் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள், முறுக்கு விற்பார்கள், மறுபடி அணைப்பார்கள். எங்களுக்கு அது பழக்கம். படம் என்றாலே விட்டு விட்டுத்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தெருவே கிளம்பிப் போனோம். நான், அம்மா, எங்களோடு இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மூவரும் பெண்கள் பக்கம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. அவருக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். கைப்பனியன் போட்டிருந்தார். பட்டறை வேலை முடிந்தால் கையில் விளக்கெண்ணெய் தடவி அதை மாட்டிக்கொள்வார் என்று அவருடைய அண்ணி சொல்லியிருந்தார்.

படம் ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்தில் ஒரே அதிசயம். மலை முழுக்க வெள்ளை. நெருப்பெரிச்சல் களத்தில் வெளுத்த துணியைக் காயப் போட்டது போல இருந்தது. "இந்தக் குளுருக்கு இவங்கெல்லாம் உள்ளே பனியன் போட்டிருப்பாங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்செல்லாம் அடங்கிவிட்டது.

மலை உச்சியில் சில வீடுகள் மட்டுமே உள்ள ஒரு ஊர். அங்கே போகும் ஒரே வழியைப் பனி மூடிவிடுகிறது. பனி உருகும்வரை யாரும் உள்ளே வர முடியாது, யாரும் வெளியே போக முடியாது. வழி மூடிய பிறகு ஒரு காலையில் ஊர்த் தலைவர் வாசலில் செத்துக் கிடக்கிறார். தலையில் அடி. கொன்றவன் அந்த ஊருக்குள்ளேதான் இருந்தாக வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், கதவுக்கு உட்பக்கம் கட்டை போடுகிறார்கள், பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கக்கூடப் பயப்படுகிறார்கள். அந்த ஊரில் கம்பளி நெய்ய வந்த வெளியூர்க்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் கையுறையைக் கழற்றுவதே இல்லை, சாப்பிடும்போதுகூட. "கையில் எதை மறைக்கிறாய்?" என்று செத்தவரின் தம்பி கேட்கிறான். அவன் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாததாலேயே எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஊர் கூடி அவனை இழுத்துப் போய்ப் பனிக்குள் விரட்டுகிறது. அவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். நடந்து நடந்து சின்னப் புள்ளியாகி, வெள்ளையோடு வெள்ளையாக மறைந்து போகிறான்.

விளக்கைப் போட்டார்கள். முறுக்குக்காரர் ஒரு சுற்று வந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் பக்கம் விசில் கிளம்பியது. பிறகு திரையில் தேசியக் கொடி விழுந்து, தேசிய கீதம் போட்டார்கள். சீன யுத்தத்துக்குப் பிறகு எல்லாக் கொட்டகையிலும் படம் முடிந்ததும் அதைப் போடுவார்கள். அது போட்டால் படம் முடிந்தது. வேறு யோசனைக்கே இடமில்லை. எல்லோரும் எழுந்து நின்றோம்.

அவரும் எழுந்து நின்றார், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு. திரை வெளிச்சத்தில் அந்த வெள்ளைக் கைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அத்தனை பேரும் அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் ஆண்கள் பக்கம் முதலில் ஒருவன் களுக்கென்றான். அப்புறம் அந்த வரிசையே குலுங்கியது. கீதம் முடிந்ததும் யாரோ ஒருவன் உரக்கச் சொன்னான். "அட, கொலகாரன் நம்மூருக்கல்ல நடந்து வந்துட்டான்!"

கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார். நாங்கள் வீட்டுக்கு நடந்தபோது எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் தகரப் பெட்டி கட்டியிருந்தது. வண்டி ரிப்பேர் போல என்று அப்பா ஒதுங்கி வழிவிட்டார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டில்லாத படத்துக்கு மறுநாள் யாரும் வர மாட்டார்கள் என்று முதலாளி அதைத் தூக்கிவிட்டு ஒரு பழைய சாமி படத்தைப் போட்டுவிட்டார்.

ஒருநாள் கேலியோடு போயிருக்க வேண்டியது. எங்கள் ஊரில் போகாது. ஒருத்தருக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அது பேரன் காலம்வரைக்கும் வரும். மறுவாரம் அவர் வண்டியை நிறுத்தியதும் ஓவர்லாக் தையல் மெஷின் பக்கமிருந்து ஒருவன், "கையில எதைங்க மறைக்கிறீங்க?" என்று படத்துப் பேச்சைப் பேசினான். அதற்கடுத்த வாரம் அவருக்குப் பெயரே கொலகார மாப்பிள்ளை. அவரை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். "மேஸ்திரிங்க, பொண்ணக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவ கைப்பனியனக் கழட்டிப் பாத்துருங்க." "மேஸ்திரிங்க, கத்தரிய பத்திரமா வெச்சுக்குங்க, மருமகன் வர்றாரு." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படித்தான் எல்லோரும் பிற்பாடு சொன்னார்கள்.

பாதிக் கம்பெனிக்கு பிளீச்சிங் என்றால் என்னவென்று தெரியும். அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று தெரியும். அப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அத்தை வேறு வீட்டில் விடாமல் ஓதிக்கொண்டிருந்தார். "ஏண்டா, கல்யாணப் பேச்சு முடிஞ்ச கையோட இப்பிடியொரு படம் வருதுன்னா அது என்ன சகுனம்? நாளைக்கு இவளக் கொலகாரன் பொண்டாட்டின்னுதான கூப்புடுவாங்க?"

நான் சும்மா இருக்கவில்லை. "கூப்புடட்டும் அத்தை, நான் திரும்பிப் பாக்கலீன்னா போச்சு" என்றேன். "நீ சும்மா இரு அம்மணி, பெரியவங்க பேசிட்டிருக்கறோம்" என்றார் அப்பா. என்னுடைய கல்யாணத்தைப் பற்றித்தான் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் நான் பேசக் கூடாதாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார்த்திகை முடிவதற்குள் வெற்றிலை பாக்கு திரும்பிப் போனது. எடுத்து வைத்திருந்த புடவையும் போனது. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று எங்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவர் வீட்டில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் பழையபடி துணி கொண்டு வந்தார், இறக்கி வைத்தார், போனார். அப்பாவை மறுபடியும் "மேஸ்திரிங்க" என்று கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு மடித்தேன். அழுகையை அடக்கினேன் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் நன்றாகவே அழுதேன், அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

மாசியில் கோயமுத்தூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் மனைவிக்குச் சினிமாப் பைத்தியம். இழுத்துக்கொண்டு போன தியேட்டரில் அதே படம். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் காரணம் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்துவிட்டேன். அவன் பனிக்குள் நடந்து மறைந்ததும், பழக்க தோஷம், நான் எழுந்து நேராக நின்றேன். தேசிய கீதம் வரவில்லை. நான் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"உக்காரும்மா, படம் இன்னும் முடியல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன். பனி உருகுகிறது. செத்தவரின் தம்பி வீட்டு விறகுக் குவியலுக்கு அடியிலிருந்து ரத்தக் கறையோடு ஒரு சம்மட்டி வெளியே வருகிறது. "கையில் எதை மறைக்கிறாய்?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியவன்தான் கொன்றவன். அதற்குப் பிறகு ஒரு பெண் வாயைத் திறக்கிறாள். அவள் குழந்தையை நெருப்பிலிருந்து எடுத்ததில் அந்த நெசவுக்காரனின் இரண்டு கையும் வெந்து போயிருந்தன. யாரும் பாவம் என்று பார்க்கக் கூடாது என்பதற்காக அவளை அவன் சொல்லவிடாமல் வைத்திருந்தான். ஊர் ஆட்கள் அவனைத் தேடிப் போகிறார்கள். பள்ளத்தில் கிடக்கிறான். சுற்றி நிற்கிறார்கள். கையுறையைக் கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

அங்கேதான் படம் முடிகிறது.

ஊருக்கு வந்து சொன்னேன். அப்பா முதலில் நம்பவில்லை. கொட்டகை மேனேஜரைப் போய்க் கேட்டார். அன்றைக்குக் கடைசிப் பெட்டி வரவில்லை, ஜனம் கலாட்டா பண்ணுமோ என்று பயந்து கீதத்தைப் போட்டுவிட்டோம் என்று அவர் சாவகாசமாகச் சொன்னாராம். அப்பா ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கோயமுத்தூர் போனார். வாழ்க்கையில் அவர் தனியாகப் பார்த்த ஒரே படம் அதுதான். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "அந்தப் பையன் ஒண்ணும் பண்ணலடி." எந்தப் பையன் என்று அம்மா கேட்கவில்லை.

எல்லோர் முன்னாலும் கெட்டுப்போன சம்பந்தத்தை எல்லோர் முன்னாலும்தான் திரும்பக் கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு நியாயம். ஆகவே அவர் நெருப்பெரிச்சலுக்குப் போகவில்லை. துணி வருகிற நாளுக்குக் காத்திருந்தார். சலவை வேட்டியோடு கம்பெனிக்கு வந்தார். வண்டி நின்றது. அப்பா கட்டிங் டேபிளை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தார். செக்கிங் டேபிளுக்கும் வாசலுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது.

"தம்பி" என்றார் அப்பா. "நாங்க அரகுறையாப் பாத்துட்டு அவசரப்பட்டுட்டமுங்க. கோயமுத்தூர்ல போயி முழுசாப் பாத்துட்டு வந்தேன். அந்த ஆளு மேல ஒரு குத்தமுமில்லீங்க. கொன்னது வேற ஆளு. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது. வைகாசியில வெச்சுக்கலாம்."

ஓவர்லாக் மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. கேலி பேசியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அவர் தோளிலிருந்த துணி மூட்டையை இறக்கி வைத்தார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"படத்துல நெசமாவே அந்த ஆளுதான் கொன்னிருந்தா, நீங்க இப்ப வந்திருக்க மாட்டீங்க. இல்லீங்களா மேஸ்திரிங்க?"

அப்பா சலவை வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அவர் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. என்ன துணிச்சல் வந்ததோ தெரியாது, கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு நான் எழுந்தேன்.

"நான் வந்திருப்பேனுங்க" என்றேன். அத்தனை பேர் காதிலும் விழும்படி.

அவர் என்னைப் பார்த்தார். நிச்சயம் ஆனபோதுகூட அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"தெரியுமுங்க" என்றார். "உங்களத்தான் யாரும் கேக்கலையே."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனிக்கு அவருடைய அண்ணன்தான் துணி கொண்டு வந்தார். அடுத்த வருஷம் எனக்கு அவிநாசியில் கல்யாணம் ஆனது. அவருக்கும் எங்கோ ஆனது என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் நல்லவர், என்னைக் கண் கலங்க வைத்ததில்லை. அப்பா மட்டும் அதற்குப் பிறகு சினிமாக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நான் அப்பாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். கேலி பேசியவர்களையும், அத்தையையும்கூட.

அந்தக் கைப்பனியன்காரரை மட்டும்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அன்று அவர் சொன்னது நியாயம் என்று நினைத்துவிட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான், பாதி வழியில், அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தோன்றியது. "நீங்களுந்தானுங்களே கேக்கல." வெற்றிலை பாக்கு திரும்பிப் போன அன்றிலிருந்து வாரா வாரம் வந்து, பத்தடி தூரத்தில் நின்று துணி இறக்கிப் போனாரே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்க மனசுல என்ன இருக்குங்க என்று என்னிடம் கேட்டாரா? இதை அங்கேயே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், எனக்குத் தெரியும், அவர் வண்டியிலிருந்து இறங்கிக் கேட்டிருப்பார்.